எழுத்து வழியே சொல் தேடல்: தீவகம் தந்த இரு சான்றுகள்

மொழியின்கண் உள்ள சொற்களைத் தேடும் வழி இரண்டு. ஒன்று பொருள் வழித் தேடல். மற்றொன்று எழுத்து வழித் தேடல். கருத்தொன்றை மனத்திற் கொண்டு அதற்குரிய சொல்லை நாடுவது முன்னையது. குறித்த எழுத்தைப் பெற்ற சொல் யாது, குறித்த எழுத்தைப் பெறாத சொல் யாது என நாடுவது பின்னையது. முன்னையது நாள்தோறும் யாவர்க்கும் நிகழ்வது. பின்னையதோ பெரும்பாலும் பொழுதுபோக்கு விளையாட்டெனவே கருதப்படுகின்றது.

ஆங்கிலம் பயிலும் மாணவர் இவ்விளையாட்டை நன்கறிவர். குறித்த எழுத்துக்களைக் கொண்ட நீண்ட சொற்களைத் தேடி ஒருவரோடொருவர் போட்டியிடுதல் அவர்க்கு இன்பம் தருவது. பதிப்புரிமை பெறவியலாதது எனப் பொருள்படும் ‘அன்கொப்பிறைற்றபிள்’ என்னும் ஆங்கிலச் சொல் 15 எழுத்துக்களாலானது. அவற்றுள் ஓரெழுத்தேனும் இருமுறை வாராது. விளையாட்டாக எனப் பொருள்படும் ‘ஃபசீஷியஸ்லி’ என்னும் சொல்லில் ஆங்கில உயிரெழுத்துக்கள் ஐந்தும் நெடுங்கணக்கு முறை பிறழாமல் ஒவ்வொரு முறையே வரும். ‘ஸ்ட்ரெங்த்ஸ்’ என்னும் சொல்லோ 9 எழுத்துக்களுள் ஒன்றையே உயிராகக் கொண்டது. இத்தகைய சொற்களை அச்சிட்ட அகராதியில் நேரே கண்டெடுத்தல் அரிது. அகராதியின் வாயில் முதலெழுத்து. இடையெழுத்தைக் கொண்டோ இல்லாத எழுத்தைக் கொண்டோ அதனுள் நுழைதல் இயலாது. ஆதலின் தேடுவோன் ஏடு முழுவதையும் புரட்டுதல் வேண்டும், அல்லது சொற்களை நெஞ்சிற் பதித்திருத்தல் வேண்டும்.

இவ்வாறு எழுத்து வழியே சொல் தேடுதல் தமிழர்க்கு விளையாட்டாக மட்டும் இருந்ததன்று. அது புலமையின் ஓர் உறுப்பாய், அதற்கெனவே தனி நூல்களைத் தோற்றுவித்த ஒரு கலையாய் விளங்கியது. அக்கலையின் வரலாற்றை எடுத்துக்காட்டுதற்கு யாழ்ப்பாணத்துத் தீவகமே இரு சான்றுகளைத் தருகின்றது. ஒன்று, நயினாதீவுப் புலவரொருவர் பாடிய ஓர் அந்தாதி. மற்றொன்று, ஊர்காவற்றுறையை அடுத்த கரம்பொனில் தோன்றிய அறிஞரொருவர் மீண்டும் உலகிற்கு அளித்த ஓர் அகராதி. முன்னையது செய்யுள் செய்வோன் சொல் தேடிய வழியைக் காட்டும். பின்னையது நூல் படிப்போன் சொல் தேடிய வழியைக் காட்டும்.

முதற்கண் எழுத்து என்பதன் இயல்பை அறிதல் வேண்டும். ஆங்கில நெடுங்கணக்கு 26 எழுத்துக்களை உடையது. தமிழில் உயிர் 12, மெய் 18, உயிர்மெய் 216, ஆய்தம் 1 என எழுத்துக்கள் 247 ஆகும். உயிரும் மெய்யும் கூடியதனை ஓரெழுத்தாகவே எண்ணுதல் தமிழ் வழக்காதலின், தமிழ்ச் சொல்லின் நீளத்தை ஆங்கிலச் சொல்லின் நீளத்தோடு நேரே ஒப்பிடுதல் பொருந்தாது. சொல்லின் நீளத்திற்கு எல்லை உண்டோ என்னும் வினாவையும் தமிழிலக்கணம் எழுப்பி விடை கூறியுள்ளது. 13ஆம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் இயற்றிய நன்னூலின் பதவியல், பகாப்பதம் ஏழெழுத்து வரையும் பகுபதம் ஒன்பதெழுத்து வரையும் தொடரும் என வரையறுக்கும். ஏழெழுத்துப் பகாப்பதத்திற்கு உரைகாரர் காட்டும் எடுத்துக்காட்டு ‘உத்திரட்டாதி’ என்னும் நாண்மீனின் பெயர். ஒன்பதெழுத்துப் பகுபதத்திற்குக் காட்டுவது அந்நாளிற் பிறந்தவனைக் குறிக்கும் ‘உத்திரட்டாதியான்’ என்பது. நீண்ட சொல்லைத் தேடியெடுத்து எழுத்தெண்ணிக் காட்டும் முயற்சி இலக்கண வகுப்பிலேயே தொடங்கிவிட்டது என்பது இதனாற் பெறப்படும்.

இலக்கண ஆசிரியர்க்கு எடுத்துக்காட்டொன்று போதும். புலவனுக்கோ தேவை மிகுதி. தமிழ்ச் செய்யுளின் தொடை வகைகளுள் எதுகை தலையாயது. அடிதோறும் முதலெழுத்து அளவால் ஒத்திருக்க, இரண்டாமெழுத்து ஒன்றிவருதல் எதுகை. ஓரடி ‘கடல்’ எனத் தொடங்கின், ‘மடல்’, ‘உடல்’, ‘திடல்’ போன்ற சொற்கள் ஏனை அடிகட்கு வேண்டப்படும். எனவே புலவன் உள்ளத்தில் எழும் வினா, ‘க’ என்னும் எழுத்தில் தொடங்கும் சொல் யாது என்பதன்று. ‘ட’ என்னும் எழுத்தை இரண்டாமிடத்திற் கொண்ட சொல் யாது என்பதே. இவ்வினாவுக்கு முதலெழுத்து வரிசை சிறிதும் உதவாது.

இத்தேவையை உணர்ந்தே நிகண்டு ஆசிரியர் தம் நூலை அமைத்தனர். 16ஆம் நூற்றாண்டில் மண்டலபுருடர் இயற்றிய சூடாமணி நிகண்டு 12 தொகுதிகளை உடையது. அவற்றுள் 11ஆவது தொகுதி ஒரு சொல்லுக்குரிய பல பொருள்களைத் தொகுத்துரைப்பது. அதன்கண் சொற்கள் ககர எதுகை முதலாக இரண்டாமெழுத்து வரிசையில் நிறுத்தப்பெற்றுள்ளன. ‘அரி’ என்னும் சொல்லின் பொருள்களை அறிய விரும்புவோன் அகரத்தை நாடாது, ரகர எதுகையை நாடுதல் வேண்டும். இக்காலத்து மாணவனுக்கு இம்முறை விந்தையாகத் தோன்றலாம். நிகண்டு முழுவதையும் மனனஞ் செய்த அக்காலத்து மாணவனுக்கோ இதுவே எளிய முறையாக இருந்தது. ஓசை ஒத்த சொற்கள் ஒன்றையொன்று நினைவிற்கு இழுத்துவரும். நினைவே அவனுக்கு ஏடாக நின்றது.

யாழ்ப்பாணத்துத் திண்ணைப் பள்ளிகளிலும் பண்டிதர் இல்லங்களிலும் நிகண்டு கற்றல் கல்வியின் தொடக்கப் படிகளுள் ஒன்றாக இருந்தது. ஆறுமுக நாவலர் 1849ஆம் ஆண்டிற் சென்னைக்குச் சென்று அச்சியந்திரம் வாங்கியபோது, ஆங்கு அவர் அச்சிட்ட முதல் நூல்களுள் சூடாமணி நிகண்டுரையும் ஒன்று. பதிப்புப் பணியைத் தொடங்கும்போதே அந்நூலைத் தெரிந்தெடுத்தமை, மாணாக்கர்க்கு அது எத்துணை இன்றியமையாததாக இருந்தது என்பதைப் புலப்படுத்தும்.

வீரமாமுனிவர் 1732ஆம் ஆண்டிற் சதுரகராதியைத் தொகுத்தபோதும் இத்தேவையை மறந்திலர். அந்நூல் பெயர், பொருள், தொகை, தொடை என நான்கு பகுதிகளாலானது. நான்காவதாகிய தொடையகராதி எதுகைக்குரிய சொற்களைத் தேடுவோர்க்கென்றே ஆக்கப்பட்டது. ஆங்கிலத்திலும் இதற்கு ஒப்பான நூல்கள் உண்டு. 1570இல் பீற்றர் லெவின்ஸ் என்பவர் சொற்களை அவற்றின் இறுதியசை நோக்கித் தொகுத்தார். 1775இல் ஜோன் வாக்கர் என்பவர் சொற்களைக் கடைசி எழுத்திலிருந்து பின்னோக்கி வரிசைப்படுத்தி ஓர் அகராதி வெளியிட்டார். ஆங்கிலச் செய்யுள் அடியிறுதியில் ஓசையொன்றுதலை வேண்டுவது. தமிழ்ச் செய்யுள் அடிமுதலில் அதனை வேண்டுவது. ஆங்கிலத் தொடையகராதி ஈற்றெழுத்தையும் தமிழ்த் தொடையகராதி இரண்டாமெழுத்தையும் வாயிலாகக் கொண்டமைக்கு இதுவே காரணம். ஒவ்வொரு மொழியின் யாப்பும் தனக்கேற்ற அகராதியைத் தானே படைத்துக்கொண்டது எனலாம்.

எதுகை எல்லாச் செய்யுட்கும் பொதுவாகிய கட்டுப்பாடு. அதனினும் அரிய கட்டுப்பாடுகளைப் புலவர் தாமே விரும்பி மேற்கொண்டனர். அவை சித்திரகவி எனவும் மிறைக்கவி எனவும் வழங்கும். வடமொழித் தண்டியாசிரியரின் காவியாதரிசத்தைத் தழுவி 12ஆம் நூற்றாண்டில் எழுந்த தண்டியலங்காரம் இவற்றுட் பலவற்றிற்கு இலக்கணம் கூறும். ஒரு சொல்லில் எழுத்துக்களை ஒவ்வொன்றாகக் கூட்டி வேறு வேறு பொருள் பெறுதல் எழுத்து வருத்தனம். ஒவ்வொன்றாகக் குறைத்துப் பொருள் பெறுதல் அக்கரச் சுதகம். முன்னிருந்து படிப்பினும் பின்னிருந்து படிப்பினும் ஒன்றாகவே அமைதல் மாலைமாற்று. திருஞானசம்பந்தர் மாலைமாற்றால் ஒரு பதிகமே பாடியருளினார். அருணகிரிநாதர் கந்தரந்தாதியில் தகர வருக்கத்தால் ஆன செய்யுளொன்றை அமைத்தார். வில்லிபுத்தூரார் அதற்கு உரை கூற இயலாது திகைத்தார் என்பது செவிவழி வரலாறு.

இவ்வகையுள் நிரோட்டகம் என்பது ஒன்று. ஓட்டம் என்பது இதழ். இதழொடு படாத எழுத்துக்களாற் பாடுவது நிரோட்டகம். தமிழில் இதனை இதழகல் என்பர். எவ்வெழுத்துக்கள் இதழின் முயற்சியாற் பிறக்கும் என்பதனைத் தொல்காப்பியப் பிறப்பியல் தெளிவாக வகுத்துள்ளது. உ, ஊ, ஒ, ஓ, ஔ என்னும் உயிர்கள் இதழ் குவிதலாற் பிறக்கும். பகரமும் மகரமும் ஈரிதழும் இயைதலாற் பிறக்கும். வகரம் மேற்பல்லும் கீழிதழும் பொருந்தப் பிறக்கும். இவ்வெட்டும், இவை சார்ந்த உயிர்மெய்களும் நிரோட்டகத்தில் விலக்கப்படும். தண்டியாசிரியர் தம் தசகுமார சரிதத்தில், இதழிற் புண்பட்ட மந்திரகுப்தன் என்னும் இளைஞன் தன் வரலாற்றை இதழெழுத்தின்றியே கூறுவதாக ஓர் அத்தியாயம் முழுவதையும் அமைத்தார். தமிழில் 17ஆம் நூற்றாண்டினராகிய சிவப்பிரகாச சுவாமிகள், வாதுக்கு அழைத்த புலவரொருவரை வெல்லும் பொருட்டுத் திருச்செந்தில் நிரோட்டக யமக அந்தாதியைப் பாடினார் என்பர்.

அம்மரபின் வழியிலேயே நயினாதீவைச் சேர்ந்த வரகவி நாகமணிப் புலவர் 20ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் நயினை நிரோட்டக யமக அந்தாதியை இயற்றினார். நூற்பெயரே மூன்று கட்டுப்பாடுகளை அறிவிக்கின்றது. இதழெழுத்து வாராமை ஒன்று. நான்கடியின் முதலிலும் ஒரே எழுத்துத் தொடர் வேறு வேறு பொருளில் மடங்கி வருதலாகிய யமகம் இரண்டாவது. ஒரு செய்யுளின் ஈறு அடுத்த செய்யுளின் தொடக்கமாதலாகிய அந்தாதி மூன்றாவது.

இவற்றுள் முதலாவதன் அருமையைத் தீவகத்துப் பெயர்களைக் கொண்டே உணரலாம். ‘நயினை’ என்னும் பெயரில் இதழெழுத்து ஒன்றேனும் இல்லை. ஆதலின் அது நிரோட்டகத்திற்கு ஏற்றது. ‘நயினாதீவு’ என முழுப்பெயர் கூறின் ஈற்றெழுத்தாகிய ‘வு’ தடையாகும். ‘அனலை’, ‘காரைநகர்’ என்பன ஏற்புடையன. நெடுந்தீவு, வேலணை, புங்குடுதீவு, எழுவைதீவு, மண்டைதீவு, ஊர்காவற்றுறை, கரம்பொன் ஆகிய யாவும் விலக்கப்படும். தீவகத்துக் கடலோடிகள் நன்கறிந்த காற்றுக்கள் நான்கு: வடக்கிலிருந்து வீசும் வாடை, கிழக்கிலிருந்து வீசும் கொண்டல், தெற்கிலிருந்து வீசும் சோளகம், மேற்கிலிருந்து வீசும் கச்சான். இந்நான்கனுள் கச்சான் ஒன்றே இதழ் படாதது. பனை, தோணி, படகு, பாய், வலை, மீன், உப்பு ஆகிய தீவக வாழ்வின் அடிப்படைச் சொற்கள் ஒன்றேனும் இச்செய்யுளில் நுழைதல் இயலாது.

இதனினும் அரியதொன்று உண்டு. நயினையில் எழுந்தருளியிருக்கும் அன்னையின் திருநாமம் நாகபூஷணி. அத்திருநாமத்தில் ‘பூ’ என்னும் இதழெழுத்து உளது. ‘அம்மன்’ என்பதில் மகரம் உளது. ‘தேவி’ என்பதில் வகரம் உளது. ‘அருள்’, ‘கருணை’ என்பவற்றில் உகரம் உளது. நிரோட்டகம் பாடும் நயினைப் புலவன் அன்னையின் திருநாமத்தையும் கூறலாகாது; அவளிடத்து அருளையும் கருணையையும் அச்சொற்களால் வேண்டலாகாது. அவன் ‘அன்னை’ எனலாம், ‘தாய்’ எனலாம், ‘நாயகி’ எனலாம். அருள் என்னுமிடத்துத் ‘தயை’ அல்லது ‘அளி’ எனலாம். காப்பாற்று என வேண்டுதற்குக் ‘கா’ என்னும் ஓரெழுத்துச் சொல்லே போதும்.

நயினைத் தலத்திற்குரிய பழங்கதை யாவரும் அறிந்தது. புளியந்தீவிலிருந்து நாகமொன்று அன்னையின் வழிபாட்டிற்குப் பூவேந்திக் கடலை நீந்தி வந்தது என்பதும், கருடன் அதனை வழிமறித்தது என்பதும் அக்கதை. இக்கதையை நிரோட்டகத்திற் கூறப்புகுவோன் ‘பாம்பு’ என்னலாகாது. ‘அரா’ எனல் வேண்டும். ‘பூ’ என்றும் ‘மலர்’ என்றும் கூறலாகாது; ‘அலர்’ எனல் வேண்டும். ‘மாலை’ விலக்கப்படும்; ‘தார்’, ‘தெரியல்’ என்பன ஏற்கப்படும். ‘கோயில்’ விலக்கப்படும், ‘தளி’ ஏற்கப்படும். ‘காற்று’ விலக்கப்படும், அதன் பழம்பெயராகிய ‘கால்’ ஏற்கப்படும். வழக்கிலுள்ள சொல் தடையுறுந்தோறும், வழக்கொழிந்த சொல்லொன்று மீண்டும் அழைக்கப்படுகின்றது. நிகண்டின் மூலையிற் கிடந்த சொற்களைச் செய்யுளிற் கொணர்ந்து உயிரளித்தது இக்கட்டுப்பாடு.

தடை சொல்லளவில் நிற்பதன்று. இலக்கண உருபுகளையும் அது தாக்கும். நான்காம் வேற்றுமை உருபாகிய ‘கு’ உகரம் பெற்றதாதலின் விலக்கப்படும். மூன்றாம் வேற்றுமையில் ‘ஒடு’, ‘ஓடு’ என்பன செல்லா. ‘ஆல்’, ‘ஆன்’ என்பன செல்லும். எண்ணும்மை விலக்கப்படும். எதிர்காலங் காட்டும் பகர வகர இடைநிலைகள் விலக்கப்படுதலின் ‘நடப்பான்’, ‘செய்வான்’ என்பன போன்ற வினைமுற்றுக்கள் வாரா; ‘நடந்தான்’, ‘செய்தான்’ என்பன வரும். மொழியின் ஒரு பகுதியை அடைத்துவிட்டு எஞ்சிய பகுதியாற் கருத்தை முழுமையாக வெளியிடும் இப்பயிற்சி, எவ்வுருபு எப்பொருளில் எதற்கு ஈடாகும் என்னும் நுண்ணறிவை வேண்டுவது. இலக்கணத்தை ஓதியறிந்தவன் மட்டுமன்றி ஆண்டறிந்தவனே இதனைச் செய்ய வல்லன்.

யமகமோ வேறொரு திறனை வேண்டும். ‘அளி’ என்பது கருணையையும் குறிக்கும், வண்டையும் குறிக்கும், கொடு என்னும் ஏவலாகவும் நிற்கும். ‘கலை’ என்பது கல்வியையும், ஆண்மானையும், ஆடையையும், திங்களின் கூற்றையும் உணர்த்தும். இவ்வாறு பல பொருள் தரும் சொற்களே யமகத்திற்குக் கருவி. அவற்றைத் தேடுதற்குரிய இடம் சூடாமணி நிகண்டின் 11ஆவது தொகுதி அன்றி வேறியாது? ஒரு சொற்குப் பல பொருளுரைத்து, அச்சொற்களை எதுகை முறையில் நிறுத்திய அத்தொகுதி, யமகம் பாடுவோன் மனத்தில் எழும் வினாவுக்கு நேரே விடை தருவதாய் அமைந்துள்ளது. நிகண்டும் அந்தாதியும் கருவியும் செய்பொருளும் போல இயைந்து நின்றமை இதனால் விளங்கும்.

மேலை நாடுகளிலும் எழுத்து விலக்கிப் பாடும் வழக்கு உண்டு. கி.மு. 6ஆம் நூற்றாண்டினராகிய இலாசசு என்னும் கிரேக்கப் புலவர் சகர ஒலியை விலக்கிப் பாடினார் என்பர். 1939இல் எர்னெஸ்ட் வின்சென்ற் றைற் என்னும் அமெரிக்கர், ஆங்கிலத்தில் மிகுதியாக வழங்கும் ‘ஈ’ என்னும் எழுத்தின்றி 50,000 சொற்களுக்கு மேற்பட்ட ‘கற்ஸ்பி’ என்னும் புதினத்தை வெளியிட்டார். 1969இல் ஜோர்ஜ் பெரெக் என்பவர் பிரெஞ்சு மொழியில் அதே எழுத்தை விலக்கிப் புதினமொன்று எழுதினார். ஆயின் ஒரு வேறுபாடு கருதற்பாலது. றைற்றும் பெரெக்கும் விலக்கியது வரிவடிவமாகிய ஓரெழுத்தை. தண்டியாசிரியரும் தமிழ்ப் புலவரும் விலக்கியது ஒலி பிறக்கும் ஓரிடத்தை. எழுத்து என்பது கண்ணுக்குரிய வடிவம் மட்டுமன்று, வாயிற் பிறக்கும் ஒலி என்னும் தெளிவு இருந்தமையாலேயே நிரோட்டகம் தோன்றுதல் கூடிற்று. அவ்வகையில் அது பிறப்பியலுக்கு எழுந்த செய்முறைப் பயிற்சி எனலாம்.

மிறைக்கவிகள் அனைத்தும் உயர்ந்த கவிதை என்று கூறுதல் பொருந்தாது. உரையின்றி விளங்காத செய்யுள் கற்றார் சிலர்க்கே உரியதாகிவிடும். அருமையைக் காட்டும் ஆசை சிலவிடத்துக் கருத்தை நலியச் செய்தலும் உண்டு. பாமரரும் பாடிப் பயன்பெறும் எளிய பாடல்களோடு இவற்றை ஒருங்கு வைத்து எண்ணுதல் முறையன்று. எனினும் சொல்வளம் காத்தல் என்னும் நோக்கிற் பார்க்கின் இவற்றின் பணி சிறிதன்று. பொருள் வழித் தேடுவோன் முதலிற் கிடைத்த சொல்லோடு அமைந்துவிடுவான். எழுத்து வழித் தேடுவோனோ அச்சொல் தடையுறுதலின், இரண்டாவதும் மூன்றாவதுமாகிய சொற்களை நாடிச் செல்வான். மொழியின் ஆழத்தை அளந்தறிய அவனுக்கே வாய்ப்பு மிகுதி.

செய்யுள் செய்வோன் தேடிய வழி இவ்வாறாக, நூல் படிப்போன் தேடிய வழி வேறாக வளர்ந்தது. படிப்போன் முன் சொல் ஏற்கெனவே நிற்கின்றது. அதன் பொருளே அவனுக்கு வேண்டுவது. அவனுக்கு முதலெழுத்து வரிசையே எளிது. 1594ஆம் ஆண்டிற் சிதம்பர இரேவண சித்தர் இயற்றிய அகராதி நிகண்டு சொற்களை முதலெழுத்து முறையில் அமைத்தது. அகரம் ஆதியாக நிறுத்தப்பெற்றமையால் அகராதி என்னும் பெயரும் அதனோடு தோன்றி நிலைபெற்றது. பிற நாட்டிலிருந்து வந்து தமிழ் கற்றோர்க்கு இம்முறையே ஏற்றதாயிற்று. நிகண்டை மனனஞ் செய்யாதவர் எதுகை வழியே சொல்லைக் காணுதல் இயலாதன்றோ?

அவர்களுள் ஒருவர் மதுரை மிசனைச் சேர்ந்த போர்த்துக்கீசப் பாதிரியார் அந்தாம் தெ புரோயென்சா. அவர் தொகுத்த தமிழ்-போர்த்துக்கீச அகராதி 16,000க்கு மேற்பட்ட சொற்களைக் கொண்டது. அவர் 1666இல் மறைந்த பின்னர், 1679ஆம் ஆண்டில் மலையாள நாட்டு அம்பலக்காட்டில் அது அச்சேறியது. அக்காலத்து எழுத்தில் எகர ஏகாரங்கட்கும் ஒகர ஓகாரங்கட்கும் வரிவடிவில் வேறுபாடு காட்டும் வழக்கம் நிலைபெறவில்லை. ‘கொள்’ என்பதும் ‘கோள்’ என்பதும் ஒன்றுபோலவே எழுதப்பட்டன. வீரமாமுனிவரின் சீர்திருத்தம் பரவிய பின்னரே இவ்வேறுபாடு அச்சிலும் அகராதி வரிசையிலும் உறுதிபெற்றது. எழுத்து வரையறுக்கப்பட்டால் அன்றி எழுத்து வழித் தேடல் செம்மையுறாது என்பதற்கு இஃதோர் எடுத்துக்காட்டு.

அச்சேறிய அந்நூல் காலப்போக்கில் கிடைத்தற்கரியதாகி, வத்திக்கான் நூலகத்தில் ஒரு படி தங்கியிருந்தது. அதனை மீண்டும் உலகிற்கு அளித்தவர் தனிநாயகம் அடிகளார். அவர் 1913ஆம் ஆண்டு ஓகத்து 2ஆம் நாள் கரம்பொனிற் பிறந்தவர். 1952இல் ‘தமிழ்க் கல்ச்சர்’ என்னும் ஆங்கில ஆய்விதழைத் தொடங்கியவர். 1964இல் உலகத் தமிழாராய்ச்சி மன்றம் தோன்றக் காரணராய் இருந்தவர்களுள் முதன்மையானவர். 1966ஆம் ஆண்டு கோலாலம்பூரில் முதலாவது உலகத் தமிழ் மாநாடு நடைபெற்றபோது, மலாயாப் பல்கலைக்கழகத்தின் வாயிலாக இவ்வகராதியை மூலத்தின் உருவம் மாறாத நிழற்படப் பதிப்பாக வெளியிட்டார். போர்த்துக்கீசர் ஆட்சியின் சுவடுகளைத் துறையிலும் கோட்டையிலும் தாங்கி நிற்கும் ஊர்காவற்றுறைப் பகுதியிற் பிறந்த ஒருவரே, போர்த்துக்கீச மொழியில் அமைந்த தமிழகராதியைத் தேடிக்கண்டு அளித்தமை பொருத்தமுடையதாகும்.

யாழ்ப்பாணமும் அகராதித் துறையிற் பின்தங்கியிருந்ததன்று. 1842இல் மானிப்பாயில் அமெரிக்க மிசன் அச்சகத்தில் வெளிவந்த யாழ்ப்பாண அகராதி ஏறக்குறைய 58,500 சொற்களைக் கொண்டது. அதன் ஆக்கத்தில் உடுவிற் சந்திரசேகர பண்டிதரின் உழைப்புப் பெரிது. யாழ்ப்பாணத்தில் நெடுங்காலம் பணிபுரிந்த உவின்சுலோ பாதிரியார் 1862இற் சென்னையில் வெளியிட்ட தமிழ்-ஆங்கில அகராதி 67,452 சொற்களைத் தந்தது. சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ் லெக்சிக்கன் 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வெளிவந்து, 104,405 சொற்களைத் தொகுத்தது. யாழ்ப்பாண வழக்குச் சொற்களுக்கு அதன்கண் தனிக்குறியும் இடப்பெற்றது.

இவ்வகராதிகளாற் பெற்ற நன்மை அளவிறந்தது. நிகண்டுகள் செய்யுட் சொல்லையே பெரிதும் போற்றின. அகராதிகள் பேச்சு வழக்கையும் ஏற்றன. கற்றோர் சிலர்க்கே உரித்தாயிருந்த சொற்களஞ்சியம் எழுதப்படிக்கத் தெரிந்த அனைவர்க்கும் திறக்கப்பட்டது. ஆயினும் ஓரிழப்பும் உடன் நேர்ந்தது. முதலெழுத்து வரிசை வந்தபின் எதுகை வரிசை மறக்கப்பட்டது. நிகண்டு மனனம் பாடத்திட்டத்தினின்றும் நீங்கிற்று. சொல்லைக் கண்டபின் பொருளைத் தேடும் திறன் பெருகியது. சொல்லையே தேடிக்காணும் திறன் அருகியது. நாகமணிப் புலவரின் அந்தாதியைப் போன்ற நூல்கள் அருகியமைக்கு இதுவும் ஒரு காரணமாகும்.

இக்காலத்திற் கணினி இவ்விரு வழிகளையும் ஒன்றாக்கியுள்ளது. லெக்சிக்கன் முதலிய அகராதிகள் இலக்க வடிவு பெற்றுள்ளன. முதலெழுத்தாயினும் இடையெழுத்தாயினும் ஈற்றெழுத்தாயினும் குறித்த எழுத்தைப் பெற்ற சொற்களையெல்லாம் நொடிப்பொழுதில் திரட்டுதல் கூடும். 1981ஆம் ஆண்டில் யாழ்ப்பாணப் பொது நூலகம் ஏறத்தாழ 97,000 நூல்களோடு எரியுண்ட பின்னர், ஏட்டில் மட்டும் சொல்லைச் சேமித்தல் போதாது என்பதைத் தமிழுலகம் உணர்ந்தது. 2005இல் தொடங்கிய நூலகம் திட்டம் ஈழத்து நூல்களை இலக்க வடிவிற் பேணி வருகின்றது. ஒரு படியாய் எஞ்சிய புரோயென்சாவின் அகராதி 1966இற் பல படியானது போல, எரியாது எஞ்சியவை பல்கிப் பெருகும் வாய்ப்பு இன்று உளது.

எனினும் கணினி தொகுத்த சொல்லையே தேடித் தரும். தொகுக்கப்படாத சொல் அதற்கு இல்லாத சொல்லே. தீவகத்தின் கடற்றொழிலிலும் பனைத்தொழிலிலும் வழங்கிய சொற்கள் பல, அத்தொழில் செய்த முதியோர் நாவில் மட்டுமே வாழ்ந்தவை. போரும் இடப்பெயர்வும் அத்தீவுகளின் மக்களைப் பல நாடுகளிற் சிதறச்செய்தமையால், அம்முதியோர் மறையுந்தோறும் அச்சொற்களும் மறைகின்றன. அவற்றைக் கேட்டு எழுதி எழுத்து முறைப்படுத்துதல் மாணவர் செய்யத்தக்க பணி. விடுமுறைக்குத் தம் ஊர் செல்லும் மாணவனொருவன் ஒரு கைப்புத்தகத்துடன் பாட்டனாரின் அருகில் அமர்ந்தாற் போதும்.

நயினைப் புலவர் அன்னையின் திருநாமத்தையும் கூறலாகாத கட்டுப்பாட்டுள் நின்று அவளைப் பாடினார். அதற்கு வேண்டிய சொற்களை அவர்க்கு முன்னிருந்தோர் தொகுத்து வைத்திருந்தனர். கரம்பொன் தந்த அறிஞர் பிறர் தொகுத்து மறந்ததனை மீட்டளித்தார். எழுத்து வழியே சொல் தேடுதலை விளையாட்டாகத் தொடங்கும் மாணவன், இவ்விருவரும் நின்ற நெறியின் வாயிலிலேயே நிற்கின்றான். அவ்வாயிலைக் கடந்து உட்செல்வானாயின், தன் ஊர்ச் சொற்களைக் காத்த பெருமை அவனுக்கும் உரியதாகும்.